காய்ச்சல் பால்

எங்கள் வீட்டில் பால் என்றால் மருந்து. காய்ச்சல் வந்தால் ஒரு தம்ளர் பாலும் ரெண்டு துண்டு ரொட்டியும் கிடைக்கும். காய்ச்சல் விட்டதும் பாலும் நின்றுவிடும். நானும் தம்பியும் அக்குளில் வெங்காயம் வைத்துப் படுத்துப் பார்த்திருக்கிறோம். உடம்பு சுடவில்லை, நாற்றம்தான் மிச்சம்.

இத்தனைக்கும் மாடு இல்லாத வீடு இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். கடனுக்கு வாங்கிய செவலைப் பசு ஒன்று தொழுவத்தில் நின்றது. காலையும் மாலையும் கறந்த பால் நுரை அடங்குமுன் சொசைட்டிக்குப் போய்விடும். அங்கே எழுத்தர் ஒரு கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்க விடுவார். லாக்டோமீட்டர். தண்ணீர் சேர்ந்திருந்தால் குழல் கூடுதலாக முங்கும், பால் திரும்பி வந்துவிடும். ஒருநாள் எங்கள் வீட்டுப் பாலும் திரும்பியது. "கழுவின வாளியில ரெண்டு சொட்டு நின்னுருக்கும்" என்றாள் அம்மா, எங்கள் முகத்தைப் பார்க்காமல். அன்றைக்கு மட்டும் காய்ச்சல் இல்லாமலே ஆளுக்கொரு தம்ளர் கிடைத்தது.

மற்ற நாளெல்லாம் கருப்பட்டி போட்ட வரக்காப்பி, கம்மங்கூழ், கேப்பைக் களி. ஆட்கள் வளர்ந்ததே எள்ளிலும் கடலையிலும்தான். கோழி இட்ட முட்டைகூடக் கடைக்குப் போய் எண்ணெயாகத் திரும்பி வரும். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் கூட்டாளிகளும் உண்டாக்கிய 'வீகன்' என்ற சொல் எங்கள் ஊர்வரை வந்து சேரவில்லை. ஊரில் எங்களை 'இல்லாதவுக' என்றுதான் சொன்னார்கள். சந்தைக்கு மறுநாள் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் என்பதால் வாட்சனும் எங்களைச் சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

இப்போது பாரம்பரிய உணவு என்று மேடையில் உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வாயோரம் வெடித்திருக்கும். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போன மாலைக்கண் பிள்ளைகளும் உண்டு. கூழ் நல்ல கூழ்தான். கூழ் மட்டுமே என்பதுதான் கஷ்டம்.

வேலை கிடைத்து மதுரைக்கு வந்த முதல் மாதமே பால் அட்டை வாங்கினேன். 1993இல் மகள் பிறந்தாள். காலையில் ஒரு தம்ளர், ராத்திரி ஒரு தம்ளர், மாவு கலந்து, சர்க்கரை போட்டு. ஏடு மிதந்தால் அவளுக்குக் குமட்டும். மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். நான் பட்ட ஏக்கத்தையெல்லாம் அவள் தொண்டையில் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றவில்லை.

குடித்து முடித்தால் கூலியாக ஒரு கதை. அவளுக்குப் பிடித்தது வைக்கோல் கன்றுக்குட்டிக் கதை. செவலை ஈன்ற காளங்கன்று பன்னிரண்டாம் நாள் செத்துப்போனது. கன்று இல்லாமல் பசு பால் விடவில்லை. ஐயா கன்றின் தோலை உரிக்கச் சொல்லி, உள்ளே வைக்கோல் திணித்து, நான்கு குச்சியில் நிறுத்தி, பசுவின் முகத்தருகே வைத்தார். அது நக்கிக்கொண்டே நின்றது, பால் சுரந்தது. ஐயாவின் சாமர்த்தியமாகத்தான் அதைச் சொல்வேன். பிள்ளையும் சிரிக்கும்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பெங்களூரில் வீடு, நான்கு வயதில் ஒரு மகள். பேத்திக்குப் பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. ஏனம்மா என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன கதைதாம்ப்பா" என்றாள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறாள். 100 கிராமில் உள்ள சுண்ணாம்புச் சத்து: பசும்பால் 120 மில்லிகிராம், கேழ்வரகு 344, எள் 1450. பேங்கில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். நான்கு வயசுப் பிள்ளை ஒரு நாளில் எத்தனை எள்ளுருண்டை தின்னும் என்ற வரி அதில் இல்லையே என்றேன். அடுத்த தாளைப் புரட்டிக் காட்டினாள், அதுவும் இருந்தது. பி12 மட்டும் செடிகொடிகளில் கிடையாது, அது நுண்ணுயிர்கள் செய்கிற சத்து. அதற்குத் தினமும் சொட்டு மருந்து, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. குறைந்தால் நரம்பு கெடும், இதில் கொள்கை பேசாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். எனக்குப் பால் மருந்து. என் பேத்திக்குப் பால் இல்லாததற்கு மருந்து.

போன மாதம் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். வயது 84. இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கேப்பைக் கூழ், பள்ளிக்கூட டப்பாவில் அவித்த கடலை, சாயங்காலம் எள்ளுருண்டை. மூன்றாம் நாள் ராத்திரி என்னைப் பால்கனிக்கு அழைத்து, சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

"ஏய்யா, மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா?"

"இல்லையேம்மா."

"எங்கிட்ட எதுக்கு மறைக்க? பச்சப்பிள்ளைக்குக் கேப்பையக் கரைச்சு ஊத்துதா. விருந்தாடி வந்தா கம்மம்பானைய மறைச்சு வச்சுட்டு அரைத் தம்ளர் பால் கடன் வாங்கினவ நான். எனக்குத் தெரியாதா?" 200 ரூபாயை என் கையில் வைத்து மடக்கினாள். "நான் குடுத்தேன்னு சொல்லாத. பிள்ளைக்குப் பால் வாங்கு."

மகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துச் சொன்னாள். "அது கன்னுக்குட்டிக்குச் சேர வேண்டியது ஆச்சி."

அம்மா அதை மறுக்கவில்லை. "ஆமா, கன்னுக்குச் சேர வேண்டியதுதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதை வித்துத்தான் உங்க அப்பனைப் படிக்க வச்சேன்" என்றாள். மகளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பணத்தைத் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பேத்திக்குப் பிடித்த பாதாம் பால் வாங்கப் போனேன். அட்டைப் பெட்டியில் 'பாதாம் பானம்' என்றுதான் அச்சடித்திருந்தது. இதையெல்லாம் பால் என்று சொல்லி விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பெயர் என்பதால் தேங்காய்ப் பால் போன்றவற்றுக்கு விலக்கு. விலை 290. அம்மாவின் 200க்கு மேலே 90 போட்டேன்.

சூடாக்கி முதல் தம்ளரை அம்மாவிடம் கொடுத்தாள் மகள். ஒரு வாய் குடித்தாள். தம்ளரைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஏய்யா, நம்ம சொசைட்டியில ஊத்திருந்தா குழலு அடியில போயி உக்காந்திருக்கும்."