தோற்றவர்களுக்கு ஒரு துண்டு நிலம்

கேள்வி: அமெரிக்கப் புரட்சியில் மன்னர் பக்கம் நின்று தோற்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களைக் குடியேற்றியதில் ஒரு வியாபாரிக்கும் பங்குண்டாமே?
— வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு. லண்டன் வணிகர் புரூக் வாட்சன். பதினான்கு வயதில் ஹவானா துறைமுகத்தில் சுறாவிடம் ஒரு காலைப் பறிகொடுத்தவர். அவர்தான் பல்லாயிரம் பேர் காலூன்ற வழி செய்தார்! 1783-ல் நியூயார்க்கில் பிரிட்டிஷ் படையின் உணவு, தளவாடப் பொறுப்பு அவருடையது. கப்பலேறிய அகதிகளுக்கும் அவர்தான் படியளந்தார். இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்குப் போனவர்கள் மட்டும் சுமார் 30,000 பேர். அவர்களுக்காகவே 1784-ல் நியூ பிரன்ஸ்விக் என்ற தனி மாகாணம் பிறந்தது. பின்னாளில் அதன் முகவராக லண்டனில் இருந்து, கடிதத்தில் வந்த குறைகளை அரசின் காதில் போட்டவரும் வாட்சனே.

ஆனால், குடியேறியவர்களுக்கு நிலம் ஒரே சீராகக் கிடைக்கவில்லை. பிரிட்டிஷாரின் விடுதலை வாக்குறுதியை நம்பி வந்த கறுப்பின மக்களில் பலருக்குக் காணி கிடைக்கவே இல்லை. கிடைத்ததும் பெரும்பாலும் பாறை. மனம் வெறுத்து, சுமார் 1,200 பேர் 1792-ல் ஹாலிஃபாக்ஸிலிருந்து சியரா லியோனுக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

நிலத்தை இவ்வளவு தாராளமாகப் பங்கு போட்டார்களே, அது யார் வீட்டுச் சொத்து? மிக்மாக் பழங்குடியினருடையது. பிரிட்டிஷாருடன் செய்த 1760-61 உடன்படிக்கைகளில் அவர்கள் ஒப்புக்கொண்டது நட்பை. நிலத்தை எழுதிக் கொடுக்கவில்லை.