நதிமூலத்தில் வண்டி நிறுத்துதல்: ஒரு கள ஆய்வு

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. இதைச் சொன்னவர் இரண்டில் எதையாவது நேரில் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்பதற்குச் சான்று இல்லை. இக்குறையைப் போக்க, மினியாபொலிஸிலிருந்து அரை நாள் பயணமாக, மிசிசிப்பி ஆறு புறப்படும் இட்டாஸ்கா ஏரிக்குச் சென்று வந்தோம். ஆய்வுக் கருவி, மருமகன் வாடகைக்கு எடுத்த முப்பதடி ஆர்.வி. என்னும் வீட்டு வண்டி. அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளே உண்டு. குழுவில் மகளும் பேரனும் அடக்கம். நெறியாளர் என் மனைவி.

முதலில் பெயராய்வு. 1832இல் ஓஜிப்வே இனத் தலைவர் ஓசாவிந்திப் வழிகாட்ட, ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் இந்த ஏரிக்கு வந்தார். வழி தெரிந்தவர் முன்னே நடந்தார். பின்னால் வந்தவர் கண்டுபிடித்தவர் ஆனார். இம்முறை ஆய்வுலகில் இன்றும் வழக்கில் உள்ளது. லத்தீனில் 'வெரிட்டாஸ்' என்றால் உண்மை, 'காபுட்' என்றால் தலை. முன்னதில் 'வெர்', பின்னதில் 'புட்' இரண்டையும் நறுக்கி, மிச்சத்தை ஒட்டி 'இட்டாஸ்கா' என்றார் ஸ்கூல்கிராஃப்ட். அதாவது, உண்மைக்குத் தலையையும் தலைக்கு வாலையும் வெட்டியபின் கிடைத்த பெயர் இது.

1881இல் வில்லார்ட் கிளேசியர் என்ற கேப்டன் வந்து, மூலம் இதுவல்ல, தெற்கே இருக்கும் சின்ன ஏரிதான் என்று மறுத்தார். மறுத்த கையோடு அந்த ஏரிக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். பிறகு ஜேக்கப் பிரோவர் என்பவர் அளந்து பார்த்து அதைத் தள்ளினார். பழையபடி இட்டாஸ்காவே மூலமானது. 1891இல் அது மாநிலப் பூங்காவும் ஆயிற்று.

இனி, கண்ணால் கண்டது. ஏரியின் வடகோடியில் வரிசையாகக் கற்கள். அவற்றின் இடுக்கில் நீர் வழிந்து ஆறாகிறது. அகலம் இருபதடிக்குள், ஆழம் முழங்கால். எங்கள் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தால் மிசிசிப்பிக்குப் பாலமாகியிருக்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பேன்ட்டைச் சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்து, கைகளை விரித்தபடி கல்லுக்குக் கல் தாவுகிறார்கள் மக்கள். நடுவில் பாசி வழுக்குகிறது. அக்கரை சேர்ந்தவர் முகத்தில், மகா நதியை நடந்தே கடந்த பெருமிதம்.

"ஏங்க, இதுக்கா இத்தனை தூரம் வந்தோம்? நம்ம ஊர் வாய்க்கால் இதைவிட அகலம்" என்றார் நெறியாளர். ஆய்வேட்டில் இதைச் சேர்க்கச் சொல்லவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன்.

கரையில் நட்ட மரக்கம்பம், ஆறு இங்கிருந்து 2,552 மைல் ஓடிக் கடலில் கலப்பதாகச் சொல்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் கணக்கு 2,300 மைல். மூலத்தைப் பற்றி ஒத்துப்போனவர்கள் நீளத்தில் சண்டை போடுகிறார்கள். ஆறோ, தெற்கே போகவேண்டியது, முதலில் வடக்கே கிளம்புகிறது. ஒரு துளி நீர் மெக்சிகோ வளைகுடா சேர ஏறக்குறைய 90 நாள் ஆகுமாம். இதைச் சோதிக்கும் வாய்ப்பு, பேரனின் இடதுகால் செருப்பு நழுவியபோது கிட்டியது. பத்தடி போய்ப் புல்லில் ஒதுங்கிவிட்டது. முடிவு நிலுவையில் உள்ளது.

ஆய்வின் முக்கியத் தரவுக்கு வருவோம். அந்தக் கற்கள் இயற்கை அல்ல. இவ்விடம் முன்பு வெறும் சதுப்பு. மகா நதிக்கு இப்படியொரு பிறப்பிடமா என்று 1930களில் சேற்றை மேடாக்கி, வாய்க்காலைத் திருத்தி, கல் அடுக்கினார்கள். மூலஸ்தானத்துக்கே திருப்பணி! பழமொழிக்கு இதுவரை சொல்லப்பட்ட உரைகளில் இந்தக் கோணம் விடுபட்டிருக்கிறது. மூலத்தில் அழுக்கு இருக்கும் என்பதல்ல அதன் கருத்து. கொத்தனார் கைவேலை தெரிந்துவிடும் என்பதே.

நதிமூலத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். பார்க்கக் கூடாதது ஆர்.வி.யின் முகத்துவாரம். குளித்த நீருக்குச் சாம்பல் தொட்டி, கழிப்பறைக்குக் கறுப்புத் தொட்டி என வண்டிக்கு அடியிலும் இரண்டு நதிகள் உண்டு. மறுநாள் காலை மருமகன் கையுறை மாட்டி, குழாயைப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வால்வை இழுத்தபோது குழுவில் யாரும் அருகில் இல்லை. பின்னால் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கறுப்புத் தொட்டியை முதலில் திறவுங்கள், சாம்பல் தொட்டியைப் பிறகு. குழாய் தானாகக் கழுவிக்கொள்ளும்.