ரிசர்வ் பேங்க் அண்ணாச்சி

நாளைக்கு மிளகாய் வத்தல் என்ன விலை போகும் என்று விருதுநகர் அண்ணாச்சியிடம் கேட்டுப் பாருங்கள். சட்டென்று வாயைத் திறக்க மாட்டார். குண்டூரில் வரத்து எப்படி என்பார். ராமநாதபுரம் பக்கம் மழை உண்டா என்பார். தலையைச் சொறிந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, கடைசியில், "காலையில மார்க்கெட் கூடட்டும், பாத்துச் சொல்றேன்" என்று முடிப்பார். நாற்பது வருஷமாக மண்டியில் உட்கார்ந்திருப்பவர். ஒரு கை அள்ளி முகர்ந்தால் அது எந்த ஊர் வத்தல், கிட்டங்கியில் எத்தனை மாதம் கிடந்தது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு நாளைய விலை தெரியாது.

2047-ல் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுவார்.

டீக்கடையில் அவருக்கு ரிசர்வ் பேங்க் என்று பெயர். அது அவர் காதுக்கு எட்டியபோது கோபப்படவில்லை, உள்ளூரக் குளிர்ந்துபோனார் என்றே கேள்வி. இவர் ஒற்றை ஆள் அல்ல, ஓர் இனம். தெப்பக்குளத்தைச் சுற்றி நாலைந்து பேர் தேறுவார்கள். சாத்தூரில் உண்டு, திருத்தங்கலில் உண்டு. சிவகாசியில் அச்சாபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு என்று தொழில் மூன்று இருப்பதால் நிபுணர்களும் மூன்று தினுசு.

இவர்களைக் கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. பேசும் விஷயம் கடையைவிட்டு எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்கு அண்ணாச்சியின் நிச்சயம் கூடும். நிச்சயம் கூடக்கூட மரியாதை குறையும். பக்கத்து மண்டியின் வரவு செலவைக் கேட்டால், "அது அவுக விஷயம், நமக்கு எதுக்கு?" சென்னைக் கோட்டையின் பட்ஜெட் என்றால், "இவங்களுக்கு என்ன தெரியும்?" டெல்லி என்றால், "அவன் கெடக்கான்." அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கூட்டினாலோ, அதன் தலைவரை அச்சில் போட முடியாத உறவுமுறை சொல்லி விசாரிப்பார்.

அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தீப்பெட்டி வரியைப் பற்றி அவர் பேசிக் கேட்க வேண்டும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 என்று போட்டார்கள். பாதி மெஷினிலும் பாதி கையிலுமாக ஆபீஸ் நடத்துகிறவர் எந்தப் பக்கம் நிற்பது? 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 என்று ஒரே கோடாகப் போட்டதில் யாருக்கு மூச்சு வந்தது, யாருக்கு அடி விழுந்தது? பட்டாசுக்கு முதலில் 28 என்று வைத்து, சிவகாசி ஆலைகளை அடைத்துப் போராடி, 2017 நவம்பரிலேயே 18-க்கு இறங்கியது எப்படி? எல்லாம் விரல் நுனியில். பொருளாதாரப் பேராசிரியர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காரலாம். ஆனால் இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறுவதே இல்லை. "நமக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், மிச்சத்த ஆடிட்டர்ட்ட கேட்டுக்கோங்க" என்று பணிவாக ஒதுங்கிக்கொள்வார். தெரிந்த விஷயத்தில் ஆடிட்டர். தெரியாத விஷயத்தில் அவரே ஆண்டவர்.

அவர் புகழின் உச்சம் 2016 நவம்பர் 8. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 29-லேயே வந்துவிட்டது. வடக்கே கடனுக்கு அனுப்பிய பட்டாசுக்கு வசூல் வரும் பருவம். சனிக்கிழமையானால் வாரச் சம்பளம் ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார் பிரதமர். சிவகாசி முதலாளிகள் முதல் வத்தல் மூட்டை தைக்கிறவர் வரைக்கும் ஆடிப்போனார்கள். அண்ணாச்சியும் பகல் முழுக்க வங்கி வாசலில் வரிசையில் நின்றார். ராத்திரியானதும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் தேசத்தைக் காப்பாற்றினார்: "நாலு லட்சம் கோடி கறுப்புப் பணம் திரும்பி வராது. எழுதி வச்சுக்கோ."

எழுதி வைத்துக்கொண்டவன் அவருடைய தங்கை மகன்.

அந்த மாதம் 24-ஆம் தேதி மன்மோகன் சிங் மாநிலங்களவையில் எழுந்து, இதனால் வளர்ச்சி 2 சதவீதப் புள்ளி குறையலாம் என்று எச்சரித்தார். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. ரிசர்வ் வங்கி கவர்னராகவே இருந்தவர். எங்கள் ரிசர்வ் பேங்க் அந்த ரிசர்வ் பேங்கை ஒரே வரியில் ஓரங்கட்டியது: "ஏட்டுச் சுரைக்காய்!" அடுத்த மார்ச்சில் உத்தரப் பிரதேசத் தேர்தல் கூட்டம் ஒன்றில் பிரதமரே, ஹார்வர்டை விட ஹார்டு ஒர்க் பெரிது என்று பேசிவிட்டார். கல்லூரி வாசலை மிதிக்காத குறை அண்ணாச்சிக்கு அன்றோடு தீர்ந்தது.

2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை வந்தது. செல்லாமல் போன 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பிவிட்டது, 99.3 சதவீதம். தங்கை மகன் அதைக் குழுவில் போட்டான். பக்கத்திலேயே பழைய கணிப்பின் ஸ்கிரீன்ஷாட். அண்ணாச்சி ஒரு ரோஜாப்பூ படம் போட்டு "இனிய காலை வணக்கம்" என்றார். அப்போது இரவு ஒன்பதரை.

தங்கை மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் எம்.பி.ஏ. ஃபைனான்ஸ். நேரில் பார்த்தால் "மாமா, வாங்க மாமா" என்று எழுந்து நிற்பான். போனில் மட்டும் "பேசிக்ஸ் தெரியாம பேசாதீங்க மாமா" என்பான். உறவில்லாத பெரியவர் என்றால் அங்கிள். அண்ணாச்சி என்று நாலு பேர் கும்பிடும் மனுஷரை அங்கிள் என்று கூப்பிடுவதைவிடப் பெரிய வசவு இந்த வட்டாரத்தில் இல்லை. எதற்கெடுத்தாலும் "சோர்ஸ் என்ன?" என்பான். 2019 ஜனவரியில் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2016-17-க்கான வளர்ச்சியை 7.1-லிருந்து 8.2 சதவீதமாகத் திருத்திப் போட்டது. பணமதிப்பிழப்பு நடந்த அதே வருஷம்! அண்ணாச்சி துள்ளிக் குதித்து அதைப் பகிர்ந்தார். அரசாங்கத்தின் சோர்ஸ்தான். மருமகன் என்ன சொன்னான் தெரியுமா? "அந்தக் கணக்கே தப்பு." அவனுக்குப் பிடித்த அறிக்கை வந்தால் அது ஆதாரம், மாமாவுக்குப் பிடித்தது வந்தால் அது மோசடி. மாமாவுக்கும் அப்படியே. ரத்த சொந்தம் என்பது இதுதான்.

இரண்டு பேரும் சளைக்காமல் கேட்பது ஒன்றைத்தான்: பேச உனக்கு என்ன தகுதி? தகுதிப் பத்திரத்தைப் பற்றி இந்த மண்ணுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று படி. நாக்பூர் என்றால் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையிடம், பெரிய ஆலை, பெரிய மரியாதை. அதே லைசென்ஸை வைத்து ஆலையின் அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும் நடக்கிறது. பெயர்ப் பலகையில் ஒருவர், உள்ளே வேலை வாங்குவது இன்னொருவர். விபத்து நடந்த பிறகுதான் அது செய்தியில் வரும். மருந்து நாக்பூர் முத்திரையைப் பார்த்துக் கலவைத் தப்பை மன்னிப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அந்தப் பேச்சு வந்தால் டீக்கடையில் அண்ணாச்சியே எழுந்து போய்விடுவார்.

பொருளாதாரப் பேச்சில் உள்குத்தகை தாராளம். உயிர்ச் சேதமும் கிடையாது. பொருளாதார நிபுணர் ரகுராம் ராஜன் பெயரில் மாமாவும் ஒரு பொன்மொழி போடுவார், மருமகனும் ஒன்று போடுவான். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு. ராஜன் இரண்டையும் சொல்லியிருக்க மாட்டார்.

2021-ல் சண்டைக்குப் புது மருந்து கிடைத்தது. நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் அந்த ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னார். அண்ணாச்சி அதிர்ந்துவிட்டார். கடன் பாக்கி வைத்துப் பழக்கமில்லாத பரம்பரை. "எங்க வீட்டுப் பங்க எந்தக் கவுன்டர்ல கட்டணும்?" என்று பாதி கிண்டலும் பாதி கலக்கமுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் இலவசங்கள் பற்றிய தொலைக்காட்சி விவாதத்தில் அதே அமைச்சர், நாங்கள் எதற்கு உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். அரசியல் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும், அல்லது பொருளாதாரத்தில் இரட்டை முனைவர் பட்டம், நோபல் பரிசு மாதிரி ஏதாவது இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் எங்களைவிட நன்றாக நிர்வாகம் செய்து காட்டியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மூன்று வழி சொன்னார். எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது நடுவில் இருந்த நோபல் மட்டும்தான் மிஞ்சியது. அதன் பிறகு டீ இரண்டு ரூபாய் ஏறிய அன்று மாஸ்டர் பால் விலை, கேஸ் விலை என்று காரணம் சொல்ல, "நீ நோபல் வாங்கியிருக்கியாப்பா?" என்றார் அண்ணாச்சி. மாஸ்டர் பதில் சொல்லவில்லை. புது விலைக்குச் சில்லறை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

நோபல் வாங்கியவரே வந்தால் மட்டும் விட்டுவிடுவாரா? எஸ்தர் டுஃப்ளோவைத் தமிழ்நாடு முதல்வரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் 2021-ல் சேர்த்தபோது, "அந்தம்மாவுக்கு வத்தலுக்கும் மல்லிக்கும் வித்தியாசம் தெரியுமா?" என்றவர் இவர்தான்.

எல்லா வழியும் அடைபட்டால் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. விருதுநகரில் அதற்கு எதிர் ஆயுதம் கிடையாது. "காமராஜர் எந்த காலேஜ்ல படிச்சாரு?" குழு அப்படியே அடங்கிவிடும். மருமகன்கூட வாயைத் திறக்க மாட்டான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்து மதிய உணவு கொடுத்தார், பள்ளிகளைத் திறந்தார், மறுக்க முடியுமா? ஆனால் காமராஜர் அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். எதற்கும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்றவர். அண்ணாச்சி அவரிடமிருந்து படிக்காததை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆகட்டும் பார்க்கலாமை வத்தல் விலைக்கு ஒதுக்கிவிட்டார்.

கேட்டுத் தெரிந்துகொண்டு பேசிய இன்னொருவரும் பக்கத்தில்தான் இருந்தார். விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் டி.கல்லுப்பட்டி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதி படித்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தை அங்கே காந்தி நிகேதனில்தான் கழித்தார். அவரும் கோபக்காரர்தான். ஆனால் குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் வரவு செலவைக் கணக்கெடுத்த பிறகு கோபப்பட்டவர். அண்ணாச்சி அந்த வழியாகப் பல தடவை போயிருக்கிறார். மருமகனும்தான். போனைப் பார்த்துக்கொண்டே போனதால் ஊர் பெயர்ப் பலகையை இருவரும் கவனிக்கவில்லை.

விருதுநகர் பக்கம் வந்தால் அவசியம் அண்ணாச்சியைப் பாருங்கள். உளுந்து, மல்லி, நல்லெண்ணெய், தீப்பெட்டி எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள். தெரிந்ததை அளந்து சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார், எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். டாலர் மதிப்பை மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டே தீர வேண்டும் என்றால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் விசில் கொடுத்த பிறகு ஜன்னல் வழியாகக் கேளுங்கள்.