எங்க வண்டியா இருந்தா...

"எங்க வண்டியா இருந்தா இந்நேரம் அச்சிறுப்பாக்கம் தாண்டியிருக்கும்."

பெரியப்பா இதைச் சொன்னபோது எங்கள் வேன் பெருங்களத்தூர் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. தாம்பரத்தில் ஏறிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பத்து நிமிஷத்தில் தாம்பரத்திலிருந்து அச்சிறுப்பாக்கம் போவதென்றால் ஹெலிகாப்டருக்கே கொஞ்சம் மூச்சு வாங்கும்.

பெரியப்பா என்றால் சொந்தப் பெரியப்பா இல்லை, பக்கத்து வீடு. இருபத்திரண்டு வருஷமாக அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போகிறவர். அங்காளம்மன்மேல் அவருக்கு எவ்வளவு பக்தியோ, அதற்கு ஒரு மாற்றும் குறையாத பக்தி தாம் போகும் வேன்மேலும். இப்படி ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். முடி வெட்ட ஒரே கடை, மளிகைக்கு ஒரே அண்ணாச்சி, காய்ச்சலுக்கு ஒரே டாக்டர். அந்த டாக்டர் வெளியூர் போயிருந்தால் காய்ச்சலை ஒத்திப்போடுவாரே தவிர வேறு டாக்டரிடம் போகமாட்டார். தப்பித்தவறிப் போய், உடம்பு குணமாகிவிட்டாலும், "நம்ம டாக்டரா இருந்தா இன்னும் நல்லா குணமாயிருக்கும்" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் வேன் மாறியது எப்படி என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு ஜன்னல்தான். பழைய வேனில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை, இடப்பக்க ஜன்னல் அவருடையது. பட்டா போட்டுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவரின் மச்சான் முழங்கால் வலியோடு வந்து அங்கே உட்கார்ந்துவிட்டார். "பெரியவரே, இந்த ஒரு வாட்டி பின்னாடி உக்காந்துக்கோங்க" என்றார்களாம். போக நூற்றைம்பது, வர நூற்றைம்பது கிலோமீட்டர், பின் டயருக்கு மேலே குதித்தபடி போய்வந்தார். வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே அறிவித்தார்: "அந்த வண்டி இனிமே இல்ல!"

"வண்டி இருக்குது. இவருதான் இல்ல" என்று பெரியம்மா உள்ளேயிருந்து திருத்தினார்.

அடுத்த தெருவில் ஒரு புது வேன் இருந்தது. கட்டணமும் ஐம்பது ரூபாய் குறைச்சல். அது பெரியப்பாவுக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பியது. "குறைக்கறான்னா எதையோ குறைக்கறான்."

இந்தச் சந்தேகத்துக்குச் சரித்திரத்திலும் இடமிருக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது, எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அது போதாதென்று சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். பெரியப்பா அன்றைக்குத் தூத்துக்குடியில் இருந்திருந்தால் குடையை வாங்கி விரித்துப் பார்த்து, "கம்பி சரியில்லையே" என்றிருப்பார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுதேசிக் கப்பலுக்கு மாறியவர்கள் நாட்டுக்காக மாறினார்கள். பெரியப்பா மாறியது ஜன்னலுக்காக.

புது வேனில் ஜன்னல் கிடைத்தது. அதே இரண்டாவது வரிசை, அதே இடப்பக்கம். ஆனால் அது திறக்காத ஜன்னல். ஏசி வண்டி.

"காத்தே வராதா தம்பி?"

"மேல இருந்து வருது பாருங்க பெரியப்பா."

"அது காத்தா? ஐஸ்பொட்டியத் திறந்தாப்ல இருக்குது. எங்க வண்டியில ஜன்னலத் திறந்தா அப்படியே வயக்காத்து."

"வயக்காத்தா? வூட்டுக்கு வந்து அரை நாளு கண்ணுல தூசின்னு கசக்கிட்டிருப்பியே" என்றார் பெரியம்மா. பெரியப்பா அதற்கும் அசரவில்லை. அந்தத் தூசியும் இப்போது அவருக்கு நல்ல தூசியாகிவிட்டது.

எனக்கு ஒரு மைத்துனன் இருக்கிறான். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா சொகுசுக் கப்பல் கிளம்பியதே, அந்த மாதிரிக் கப்பல் பயணங்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. கப்பல் உலகத்திலும் பெரியப்பாக்கள் உண்டு என்பான். வெளிநாட்டுக் கம்பெனிகளில் எத்தனை ராத்திரி கப்பலில் கழித்தாய் என்று கணக்கு வைத்துத் தங்கம், பிளாட்டினம், வைரம் என்று பட்டம் தருவார்களாம். வைரமாகிவிட்டவர் வேறு கம்பெனிக் கப்பலில் ஏறினால் மறுபடி வெறுங்கல். வரிசையில் நிற்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், மேஜை எங்கே என்று கேட்க வேண்டும். சாப்பாடு பிடிக்கவில்லை, படுக்கை குறுகல், பாட்டு மோசம் என்று அவர் அடுக்குகிற குறைகளுக்கெல்லாம் அடியில் இருக்கிற குறை ஒன்றுதான்: இங்கே யாருக்கும் என்னைத் தெரியவில்லை.

பழைய வேனில் பெரியப்பா வைரம். அவர் ஏறினால்தான் கற்பூரம் கொளுத்துவார்கள். டிரைவர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, கொட்டாவி விட்டால் டீக்கு நிறுத்துவான். புது வேனிலோ ஏறும்போதே ஒரு பையன் நோட்டைப் பிரித்து, "பேரு சொல்லுங்க சார்" என்றான். பெரியப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்டிராத கேள்வி.

செங்கல்பட்டு தாண்டியதும் டிவியில் படம் ஓட ஆரம்பித்தது. அமாவாசைக்குப் போகிற வண்டியில் படமா? பெரியப்பா எழுந்து நின்றே விட்டார். "எங்க வண்டியில மதுராந்தகம் ஏரி வந்தா எல்.ஆர்.ஈஸ்வரி ஆரம்பிக்கும். அங்கேருந்து கோயில் வரைக்கும் நிக்காது." டிரைவர் நல்ல பையன். படத்தை நிறுத்திவிட்டு ஈஸ்வரியின் அம்மன் பாட்டையே போட்டான். பின்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். பெரியப்பா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். குறை எதுவும் அகப்படவில்லை. கடைசியில், "கேசட்டுல கேட்டா ஒரு கரகரப்பு வரும். அது இதுல இல்ல" என்றார்.

டீக்கு நிறுத்திய இடத்தில்தான் உண்மையான நெருக்கடி. டீ நன்றாக இருந்தது. ஒரு வாய் குடித்தவர் தம்மை மறந்து "பரவால்லையே" என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தார். பெரியம்மா கேட்டுவிட்டார். பெரியப்பா உடனே டம்ளரைத் தூக்கிப் பிடித்து, "அளவு கம்மி" என்றார்.

திண்டிவனம் தாண்டிச் செஞ்சி ரோட்டில் தீவனூர் வரும். அங்கே பொய்யாமொழி விநாயகர். மிளகு மூட்டையை உளுந்து என்று பொய் சொன்ன வியாபாரியின் மிளகையெல்லாம் உளுந்தாகவே ஆக்கிவிட்டவர் என்பது கதை. அவர் வாசலில் வைத்துத்தான், பழைய வேன் தாம்பரத்திலிருந்து தீவனூருக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று பெரியப்பா அடித்துச் சொன்னார். பெரியம்மா அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொண்டுவந்த புளியோதரை வேறு ஏதாவது ஆகிவிட்டதா என்று நான் தூக்கைத் திறந்து பார்த்தேன். தப்பித்தது.

செஞ்சி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ராஜகிரி உச்சியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, நம் பங்குக்கு இது ஒன்று. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர்க்காரர்கள் பிடித்தார்கள். 1677இல் சிவாஜி வந்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே உட்கார்ந்துகொள்ள, மொகலாயர்கள் ஏழெட்டு வருஷம் வெளியே காத்துக் கிடந்து 1698இல் உள்ளே நுழைந்தார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். பீஜப்பூர்க்காரர் பாதுஷாபாத் என்றார்கள், மொகலாயர் நுஸ்ரத்கட் என்றார்கள். ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் மறுநாள், கல்யாண மகால் பக்கம் யாரோ ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து, "நம்ம நாயக்கரா இருந்தா..." என்று ஆரம்பித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மைத்துனன் சொன்ன கப்பலும் இந்தக் கோட்டை மாதிரிதான். 1990இல் நார்டிக் எம்ப்ரஸ் என்று பிறந்து, கைமாறிப் பெயர்மாறி, கடைசியில் நம்மூர்க் கார்டீலியாவிடம் வந்து சேர்ந்தது. பயணிதான் ஒரே கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழுகிறான். கப்பல் கவலைப்படுவதில்லை.

வளத்தியிலிருந்தே வண்டிகள் ஊர்ந்தன. அமாவாசைக்கு அரசுச் சிறப்புப் பேருந்துகள் ஒரு பக்கம், வேன்கள் ஒரு பக்கம், ஷேர் ஆட்டோக்கள் இரண்டுக்கும் நடுவில். ஒரு வயலில் வண்டியை விட்டார்கள். நோட்டுப் பையன், "வண்டி நம்பர எல்லாரும் போன்ல போட்டோ எடுத்துக்குங்க" என்று கத்தினான். எல்லோரும் எடுத்தோம். பெரியப்பா எடுக்கவில்லை. "நம்பர் பாத்தா வண்டி ஏறுவாங்க? இருபத்திரண்டு வருஷமா எனக்கு வண்டிதான் தெரியும், நம்பர் தெரியாது."

கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரம்மனின் தலையைக் கிள்ளிய பாவத்துக்குச் சிவன் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டு, போட்ட சோற்றையெல்லாம் அதுவே தின்றுகொண்டிருந்ததும், மலையனூர் மயானத்தில் அம்மன் சோற்றைக் கீழே இறைக்க, கபாலம் ஆசைப்பட்டு இறங்கி மாட்டிக்கொண்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மாசி மயானக்கொள்ளை அதற்காகத்தான். கையில் ஒட்டிய கபாலத்துக்கே வழி கிடைத்த ஊர். பெரியப்பாவின் நாக்கில் ஒட்டியிருக்கிற அந்த மூன்று சொல்லுக்கும் கிடைக்குமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கிடைத்தது, கொஞ்ச நேரத்துக்கு. நள்ளிரவை ஒட்டி அம்மன் ஊஞ்சலுக்கு வந்தாள். தாலாட்டு ஆரம்பித்ததும் கண்ணுக்கு எட்டியவரை கைகளில் கற்பூரம். எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றியவர்கள் உண்டு, வெறும் உள்ளங்கையில் ஏற்றியவர்களும் உண்டு. பெரியப்பா தூக்கிய கையோடு அசையாமல் நின்றார். எந்த வண்டியும் அவர் ஞாபகத்தில் இல்லை. எந்த வண்டியில் வந்தவர் கையிலும் கற்பூரம் ஒரே மாதிரிதான் எரிந்தது என்று எழுதலாம். ஆனால் அதைவிட எனக்கு அவர் வாய் மூடியிருந்ததுதான் அதிசயமாக இருந்தது.

ஒரு மணிக்கு வண்டிக்குத் திரும்பினோம். பெரியப்பாவைக் காணோம்.

நள்ளிரவில் மலையனூர் வயலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? எல்லா வேனும் வெள்ளை. எல்லாவற்றின் முகத்திலும் வேப்பிலை, மஞ்சள் துணி. போனில் கூப்பிட்டால் பெரியம்மாவின் சுருக்குப் பைக்குள் மணி அடித்தது. நோட்டுப் பையன் ஒரு பக்கம் ஓடினான். நான் யோசித்தேன். நம்பர் பார்க்காதவர், கால் போகிற பக்கம் போயிருப்பார். கால் எங்கே போகும்?

நாலு வரிசை தள்ளிப் பழைய வேன் நின்றிருந்தது. வாசலில் பெரியப்பா. இரண்டாவது வரிசை, இடப்பக்க ஜன்னலில் மச்சான் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆள் சேர்க்கிறவர் கையைப் பிசைந்தபடி நின்றார்.

"வாங்க பெரியவரே, அடுத்த அமாவாசைக்கு வந்துருங்க. முன்னாடியே இடம் போட்டுத் தர்றேன்."

பெரியப்பா வண்டியை மேலும் கீழுமாகப் பார்த்தார். டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"எதுக்குப்பா? எங்க வண்டி ஏசி. சார்ஜ் போடக்கூட இடமிருக்குது. பாட்டெல்லாம் கரகரப்பே இல்லாம அவ்ளோ சுத்தமா வருது. டீக்கு நிறுத்தறான் பாரு ஒரு எடம்... என்னா டீ!"

நான் இரண்டடி பின்னால் இருட்டில் நின்றுகொண்டேன். அவர் பேசி முடிக்கட்டும் என்று.

எங்கள் வேனுக்குக் கூட்டிவந்தபோது நோட்டுப் பையன் மூச்சிரைக்க, "எங்க போயிட்டீங்க பெரியப்பா?" என்றான். சார், பெரியப்பாவாகியிருந்தது. பெரியப்பா அதைக் கவனிக்காதவர் மாதிரிக் கவனித்துக்கொண்டு ஏறினார்.

வண்டி வயலைவிட்டு ரோட்டுக்கு வர அரை மணி ஆயிற்று. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வளத்திக்கு முன்னால் மறுபடியும் நெரிசல். முன்னால் நூறு சிவப்பு விளக்குகள். பெரியப்பா மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"எங்க வண்டியா இருந்தா..."

"எந்த வண்டி?" என்றார் பெரியம்மா, கண்ணைத் திறக்காமலே.

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பேச்சை மாற்றுகிறவர்போல ஜன்னலைத் திறக்கக் கையை நீட்டினார். அங்கே வெறும் கண்ணாடிதான் இருந்தது.