ஓடாக் கார்: எச்சவியல் நோக்கில் ஓர் ஆய்வு

பாதி பழுதுபார்த்த பழைய காரை விற்பது மோட்டார் தொழில் சார்ந்த விஷயம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நான்காண்டுகள் களப்பணி செய்தவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். அது இலக்கணம் சார்ந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்றே பெயர். அதில் கார்புரேட்டர் பற்றிக் குறிப்பேதும் இல்லை. உரையாசிரியர்களும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அக்குறையை நீக்கவே இம்முயற்சி.

முதலில் சொல் விளக்கம். நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சினைத் திணித்தால் அது மசில் கார். 1964 மாடலாக வந்த போன்டியாக் ஜிடிஓதான் இக்குலத்தின் மூதாதை என்பது பலர் துணிபு. அந்த ஆண்டு ஏப்ரல் 17-ல் ஃபோர்டு மஸ்டாங் வெளிவந்தது. மஸ்டாங்கைப் ‘போனி கார்’ என்று தனிக்கிளையாக ஒதுக்கும் பண்டிதர்கள் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் தே தாரிக் மேசையில் அந்தப் பிரிவினை எடுபடாது. அங்கே குதிரை என்றால் குதிரைதான்.

அந்தக் குதிரை இங்கே ஏன் பெருகவில்லை? ஒன்று, ஸ்டீயரிங் இடப்பக்கம். ஃபோர்டு தன் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங் வைத்து மஸ்டாங் செய்யத் தொடங்கியது 2015 வாக்கில்தான். இரண்டாவது காரணம் வலுவானது: ரோட் டேக்ஸ். தீபகற்ப மலேசியாவில் தனியார் செடானுக்கு 3000 சிசி தாண்டினால் அடிப்படை 2,130 ரிங்கிட், அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 ரிங்கிட் 50 சென். பழைய மஸ்டாங்கின் 4.7 லிட்டர் வி8-க்கு இந்த அட்டவணைப்படி கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒன்பதாயிரத்தைத் தாண்டும். 1171 சிசி டட்சன் 120ஒய்க்கு 55 ரிங்கிட்.

ஆகவே இம்மண்ணின் மசில் கார் டட்சன் 120ஒய் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். 1973-ல் ஜப்பானில் அறிமுகமான இந்த வண்டியில் மசில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், எஞ்சினை இறக்கும்போது தூக்கிப் பிடித்தவரின் தோளைப் பார்க்கலாம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி ஒன்றே ஒன்று. கிள்ளானில் ஒரு தாமான் வீட்டு போர்ச்சில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. உரிமையாளர் பெயர் வெளியிட விரும்பவில்லை. அவர் ஆய்வாளருக்கு மிகவும் நெருக்கமானவர். இருவருக்கும் பல்துலக்கும் பிரஷ் ஒன்றே.

பழைய கார் வைத்திருப்பவர்களின் பேச்சைக் கவனித்தவர்களுக்கு ஒன்று புலப்படும். அவர்கள் வினையெச்சத்திலேயே பேசுகிறார்கள். செந்தூலில் ஒரு பட்டறையில் குறித்துக்கொண்ட உரையாடல் இது:

“முழுசாப் பிரிச்சு, துருவைச் சுரண்டி, தரைத் தகரத்தை வெட்டி, புதுசு வெல்டிங் வெச்சு, பிரைமர் அடிச்சு...”

“அடிச்சு?”

“பையன் பொறந்துட்டான் தம்பி.”

ஐந்து வினையெச்சங்களுக்குப் பிறகு வந்த ஒரே வினைமுற்று காரைப் பற்றியதல்ல என்பதை நோக்குக. என் துணிபு இதுதான்: பாதி முடிந்த காரை விற்பவர் எச்சங்களை விற்கிறார். வாங்குபவர் வினைமுற்றைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

விளம்பரத்தில் இலக்கணம் இன்னும் நுட்பமாகிறது. ‘ஓடு கார்’ என்பது வினைத்தொகை. ஓடிய, ஓடுகின்ற, ஓடும் என முக்காலமும் அதற்குள் மறைந்திருக்கும். எந்தக் காலம் என்று விற்பவர் சொல்வதில்லை. நேரில் போய்ப் பார்த்தால் அது ‘ஓடாக் கார்’. இடைநிலைப்பள்ளியில் ‘செல்லாக் காசு’ என்று படித்தோமே, அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நம் மாதிரியில் ஈற்றோடு பின்பக்க பம்பரும் கெட்டிருக்கிறது.

விலை நிர்ணயத்தில் மூன்று கணிதங்கள் மோதுகின்றன. விற்பவர் ரசீதுகளைக் கூட்டுகிறார். வாங்க வருபவர் பழைய இரும்பு எடைக்குக் கணக்குப் போடுகிறார். மூன்றாவது, மனைவியிடம் சொன்ன கணக்கு. இதை எந்தப் பொருளியல் நூலும் தொட்டதாகத் தெரியவில்லை. ‘ஐந்நூறு வெள்ளிதான் ஆச்சு’ என்று நான்காண்டாகச் சொல்லி வந்தவர், காரை எட்டாயிரத்துக்கு விற்றால் வீட்டில் விசாரணை நடக்கும். ஐந்நூறுக்கு விற்றால் நெஞ்சு தாங்காது. பல போர்ச்சுகளில் கார் விலை போகாமல் நிற்பதற்குச் சந்தை மந்தம் காரணமல்ல, இதுதான்.

வாங்க வருபவர்களையும் வகைப்படுத்தலாம். ‘லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ?’ என்று முதல் செய்தியிலேயே கேட்டு, பிறகு காணாமல் போகிறவர் முதல் வகை. ‘ஜப்பான் ஹாஃப்கட் எஞ்சின் போட்டுடலாம்ணே’ என்று அறிவுரை மட்டும் வழங்கிவிட்டுப் போகிறவர் இரண்டாம் வகை. மூன்றாம் வகைக்கு ஒரே உதாரணம்தான் கிடைத்தது. ஷா ஆலத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தார்ப்பாயை விலக்கி, காரைச் சுற்றி மூன்று தரம் வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. நம்பர் பிளேட்டைத் தாளில் எழுதிக்கொண்டு, “நாலு நம்பருக்கு, தம்பி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான்காண்டில் அந்தக் காரிடம் ஏதோ எதிர்பார்த்து வந்த ஒரே மனிதர் அவர்.

பெயர் மாற்றத்தில் இலக்கணம் நின்றுபோய்ச் சட்டம் தொடங்குகிறது. உரிமை மாற்றத்துக்கு முன் புஸ்பாகோமில் பி5 பரிசோதனை. அங்கே எஞ்சின் எண், சேஸி எண் இரண்டையும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வண்டி எச்சமாக இருந்தாலும் எண் முற்றாக இருக்க வேண்டும். நம் மாதிரியின் சேஸி எண் கம்பித் தூரிகைக்குத் தப்பித் தெளிவாக இருக்கிறது. எஞ்சின் எண்ணும் சரி. எஞ்சின் மட்டும் காரை விட்டு இறங்கி, துணி காயவைக்கும் இடத்தில், பழைய டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட் நட்டெல்லாம் ஒரு பெரிய மைலோ டின்னில் பத்திரமாக இருக்கின்றன. எது எங்கே போகும் என்று ஒட்டிய சீட்டுகள் முதல் மழையிலேயே உரிந்துவிட்டன.

காரைப் பார்க்க விரும்பும் அறிஞர்கள் ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வரவும். அந்நேரம் என் மனைவி சந்தைக்குப் போயிருப்பார். விலையை அவர் திரும்புவதற்குள் பேசி முடித்துவிடலாம். இழுத்துப் போகும் லாரி உங்கள் செலவு. மைலோ டின் இலவசம்.