பேச்சும் பூர்விகமும்

கேள்வி: ஒருவர் பேசுகிற தமிழை வைத்தே அவருடைய பூர்விகத்தைச் சொல்லிவிடலாமா?

பதில்: வளர்ந்த தெருவைச் சொல்லலாம், முப்பாட்டன் ஊரைச் சொல்ல முடியாது. மதுரையில் பட்டு நெய்ய வந்து குடியேறிய சௌராஷ்டிரர்களின் மூதாதையர் குஜராத்திலிருந்து புறப்பட்டவர்கள். ஆனால் இன்று அவர்கள் கடைவீதியில் பேசுவது அசல் மதுரைத் தமிழ். வீட்டுக்குள் போனால்தான் பூர்விகம் வாய் திறக்கும். அங்கே புழங்கும் சௌராஷ்டிர மொழியில் மராத்தி, தெலுங்கு, கன்னடம் என வந்த வழியெல்லாம் சேர்த்துக்கொண்ட சொற்கள் இருக்கின்றன. அப்படியொரு வீட்டில் 1922-இல் பிறந்தவர்தான் டி.எம்.சௌந்தரராஜன். தமிழை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக்கே பாடிக் காட்டியவர்! அதனால், “நீங்க எந்த ஊரு?” என்று ஆசையாகக் கேளுங்கள். “நீங்க இந்த ஊருதானா?” என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள்.