டச் டவுன் வருதுன்னா முன்கூட்டியே சொல்லிவிடுங்க

வாங்க தம்பி டிம் லெஸ்டர். அயோவா ஹாக்கைஸ் அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்குப் புள்ளி எடுத்துக் குடுக்கிற பொறுப்ப 2024-ல உங்க தலையில கட்டியிருக்காங்க. சந்தோசம். ஆனா வந்த வேகத்துல டச் டவுன் கிச் டவுன்னு எதையாவது பண்ணிராதீங்க. இங்க உள்ள சனங்களுக்கு அது பாத்துப் பழக்கமில்ல.

2022-ல முத ஆட்டம், எதிர்ல சவுத் டகோட்டா ஸ்டேட். 7-3ன்னு ஜெயிச்சோம். ஏழுன்னதும், பந்தோட எதிராளி எல்லைக்குள்ள புகுந்து ஒரு டச் டவுனாவது எடுத்திருப்பாங்கன்னு நெனச்சீங்களா? ஃபீல்டு கோல் ஒண்ணு, அது மூணு. எதிராளிய அவன் எல்லைக்குள்ளயே அமுக்கி வாங்குன சேஃப்டி ரெண்டு, அது நாலு. பந்து நம்ம கையில இருந்தப்ப மூணு, அவன் கையில இருந்தப்ப நாலு! பந்த அவன்கிட்டயே குடுத்துட்டா இன்னும் லாபம்னு நம்மாளுக கணக்குப் போட்டுட்டாங்க போல.

இந்த ஆட்டத்துல நாலு முயற்சியில பத்து கஜம் போகணும். போக வக்கில்லேன்னா நாலாவதுல பந்த தூர உதைச்சுவிட்டு வரணும், அதுக்குப் பேரு பன்ட். அந்த உதைக்குன்னே ஆஸ்திரேலியாவுலருந்து டோரி டெய்லர்னு ஒரு பய வந்திருந்தான். 2023-ல 4,479 கஜம் உதைச்சான். 1938-லருந்து நின்ன சாதனைய முறியடிச்சு, நல்லா பன்ட் உதைக்கிறவனுக்குக் குடுக்கிற ரே கை விருதும் வாங்கிட்டான். கெட்டிக்காரப் பயதான், இல்லேங்கல. ஆனா உங்களுக்கு முன்னால இருந்தவரு உதைக்கிற வாய்ப்புக் கொறையாமப் பாத்துக்கிட்டாரே, அந்தப் புண்ணியத்தையும் சொல்லணும்ல?

அவரு பிரையன் ஃபெரன்ட்ஸ். 1999-லருந்து பெரிய கோச்சா இருக்கிற கிர்க் ஃபெரன்ட்ஸோட மகன். சம்பளத்த 9 லட்சம் டாலர்லருந்து 8.5 லட்சமாக் கொறச்சு, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்கணும்னு 2023 ஒப்பந்தத்துல எழுதி வச்சாங்க. எதிராளியத் தடுக்கிற டிஃபென்ஸ்காரன் பந்தப் பறிச்சு ஓடி எடுத்தாலும் அந்தக் கணக்குல சேரும். அப்பேர்ப்பட்ட தாராளம்! அப்படியும் வந்தது 15.4. அடுத்த வருசம் அவர் இல்லேன்னு பாதி சீசன்லயே சொல்லிட்டாங்க.

கொடுமை என்னன்னா, அந்த வருசம் பத்து ஆட்டம் ஜெயிச்சுத் தொலைச்சோம். டிஃபென்ஸ்ங்கிற வேலி அவ்வளவு பலம். உள்ள வெள்ளாமை இல்லேங்கிறது பலருக்கு முழுசா உறைக்கல. கடைசி ரெண்டு ஆட்டத்துல மிச்சிகன்கிட்ட 26-0, டென்னசிகிட்ட 35-0ன்னு வாங்குனப்பதான் கண்ணு முழிச்சாங்க.

கிட்டில், ஹாக்கன்சன், லபோர்டான்னு பந்து பிடிக்கிற டைட் எண்டுகள வளத்து அனுப்புன ஊரு தம்பி இது. பந்தப் பிடிக்க ஆளில்லேன்னு மட்டும் சொல்லிராதீங்க. மூணாவது முயற்சியில எட்டு கஜம் வேணுங்கிறப்ப மூணு கஜத்துக்கு எறியிற சிக்கனத்த விட்டுட்டு, முத முயற்சியிலயே கொஞ்சம் தூரமா எறியச் சொல்லுங்க. டெய்லர் பயலும் சிகாகோ பேர்ஸுக்குப் போயிட்டான், இனி உதைச்சுப் பொழைக்க வழியில்ல.

ஆனா டச் டவுன் எடுக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிவிடுங்க. நம்ம கின்னிக் மைதானத்துல கிட்டத்தட்ட 70,000 பேரு உக்காந்திருப்பான். பந்து நம்ம கைக்கு வந்ததும் பாதிப்பேரு தீனி வாங்கப் போயிருவான். பன்ட்டுக்குள்ள திரும்பி வந்துறலாம்னு.